உலைக்கு முன் ஒரு பிடி

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னப் பானை இருக்கும். ஒரு வீட்டில் மண் கலயம், ஒரு வீட்டில் மூடி தொலைந்த ஹார்லிக்ஸ் பாட்டில், கொஞ்சம் வசதியான வீட்டில் எவர்சில்வர் தூக்குச்சட்டி. பேர் எல்லா வீட்டிலும் ஒன்றுதான்: கைப்பிடி அரிசிப் பானை. காலையில் உலை வைக்குமுன் அன்றைக்கு வேண்டிய அரிசியை அளந்து எடுப்பார்கள். அளந்ததிலிருந்து ஒரு பிடி அள்ளிச் சின்னப் பானையில் போடுவார்கள். அதற்குப் பிறகுதான் அரிசி களைவது. மாதக் கடைசியில் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் பையோடு தெருவில் வருவார்கள், பானை காலியாகும். மறுநாள் காலை மறுபடியும் ஒரு பிடி விழும்.

எனக்கு ஊர் நாசரேத்துக்குப் பக்கம். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் தென்னிந்தியத் திருச்சபைக் குடும்பங்களில். தமிழாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஆராதனையைப் பற்றியும் காணிக்கையைப் பற்றியும் தனித்தனியாக நிறையப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். இரண்டும் ஒரே காரியம் என்று எனக்குப் புரியவைத்தது என் மாமியாரின் கை.

அவர்களுக்கு ஒரு கண்டிப்பு உண்டு. மூடையிலிருந்து எடுத்துக் கைப்பிடிப் பானையில் போடக் கூடாது. கல்யாணமான புதிதில் எனக்குச் சொன்னது இது: “மூடையிலயிருந்து எடுத்தா யாருக்குத் தெரியும் பிள்ள? அளந்ததிலயிருந்து எடு. அப்பத்தான் சட்டியில குறையும்.” சட்டியில் குறைந்தால் யாரோ ஒருவர் தட்டில் குறையும். அநேகமாக அது அவர்கள் தட்டாகத்தான் இருக்கும். அதைப் பற்றி அவர்கள் பேசியதில்லை.

அந்தக் கை பானைக்குள் போகும்போது வாயும் அசையும். காய்ச்சலில் கிடக்கிற பிள்ளை, பம்பாய்க்கு வண்டியேறிய மகன், கோர்ட்டுக்கு அலைகிற பக்கத்து வீட்டுக்காரர், மிஷனெரி சங்கத்துப் பத்திரிகையில் பேர் வந்த யாரோ ஓர் ஊழியக்காரர். மாமியாருக்குப் படிப்பு அதிகமில்லை. பத்திரிகையை என் மகள்தான் வாசித்துச் சொல்வாள். வடக்கே உள்ள ஊர்ப் பெயர்களைத் தன் வாய்க்கு வந்தபடி திருத்தி வைத்துக்கொண்டு அதே பெயரில் ஜெபிப்பார்கள். மூடியைப் போடும்போது “ஆமென்” வரும். பிறகு அடுப்பு பற்றும். “நீங்கள் இப்போது செய்தது ஜெபமா, தர்மமா?” என்று கேட்டிருந்தால் அவர்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்திருக்காது. அவர்கள் அந்த இரண்டையும் பிரித்துப் பார்த்ததே இல்லை.

நாம்தான் பிரித்துவிட்டோம். ஆராதனை ஞாயிற்றுக்கிழமை எட்டரை மணிக்கு. கொடுப்பது பாட்டு நடுவில் பை வரும்போது. பெரிதாகக் கொடுப்பது வருஷத்துக்கு ஒருதரம், ஸ்தோத்திரப் பண்டிகைக்கு. வேதத்தில் இந்தப் பிரிவினையைத் தேடினால் கிடைப்பது கஷ்டம்.

யாத்திராகமம் 29ஆம் அதிகாரத்தில் அன்றாடப் பலி விதிக்கப்படுகிறது. காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி. கூடவே மாவும் எண்ணெயும் திராட்சரசமும். பண்டிகையோ ஓய்வுநாளோ வர வேண்டியதில்லை. பொழுது விடிந்தாலே பலி உண்டு. மாவு, எண்ணெய், ரசம், இறைச்சி என்று அந்தப் பட்டியல் முழுக்கச் சாப்பாட்டுச் சாமான்தான். தினமும் வீட்டில் புழங்குவதிலிருந்தே தினமும் பலிபீடத்துக்குப் போனது.

கி.பி. 70இல் எருசலேம் தேவாலயம் இடிந்தது, பலியும் நின்றது. கிறிஸ்து ஒரே தரம் தம்மையே பலியாகக் கொடுத்துவிட்டார், இனி ஆடு மாடு வேண்டியதில்லை என்பது நம் விசுவாசம். அப்படியானால் தினமும் செலுத்த நமக்கு என்ன மிச்சம்? எபிரெயர் நிருபம் 13ஆம் அதிகாரம் இதற்கு அடுத்தடுத்த இரண்டு வசனங்களில் பதில் சொல்கிறது. முதல் வசனத்தில் உதடுகளின் துதி. அடுத்ததில் நன்மை செய்வதும் உள்ளதைப் பகிர்வதும். இரண்டுக்கும் பலி என்றே பெயர். நம் சபைகளில் முதல் வசனத்துக்கு ஒலிபெருக்கி வாங்கியாயிற்று. இரண்டாவதுக்கு ஒரு பை சுற்றி வருகிறது.

வனாந்தரத்தில் மன்னா விழுந்ததும் தினக்கணக்கில்தான். மறுநாளுக்கு எடுத்து வைத்தது புழுத்துப்போயிற்று. இயேசு கற்றுக்கொடுத்த ஜெபத்தில் நாம் கேட்கும் ஆகாரமும் அன்றன்றைக்கு உரியதுதான். கேட்பது தினமும், கொடுப்பது மட்டும் பண்டிகைக்குப் பண்டிகை என்றால் கணக்கு இடிக்கிறது.

மாமியாருக்குப் பிடித்த கதை சாறிபாத் ஊர் விதவையின் கதை. பானையில் ஒரு பிடி மாவு, கலயத்தில் கொஞ்சம் எண்ணெய். அதைச் சுட்டு மகனோடு சாப்பிட்டுச் செத்துப்போகலாம் என்று விறகு பொறுக்கிக்கொண்டிருக்கிறாள். எலியா வந்து, முதலில் எனக்கு ஒரு சின்ன அடை சுட்டுக் கொண்டு வா என்கிறார். படித்தவர்கள் இந்தக் கதையை மாவு குறையாத அற்புதத்துக்காகச் சொல்வார்கள். மாமியார் சொல்வது வேறு: “மாவு குறையாதுன்னு தீர்க்கதரிசி சொன்னாருதான். ஆனா அவ பார்த்தது காலிப் பானையைத்தானே? அடையைச் சுட்டுக் குடுத்த பொறவுதான அடுத்த நாள் மாவைக் கண்டா.” கொடுப்பது விசுவாசத்தின் காரியமாவது அந்த இடைவெளியில்தான். மிஞ்சியதா என்று பார்த்துவிட்டுக் கொடுப்பதற்கு விசுவாசம் தேவையில்லை, கணக்குத் தெரிந்தால் போதும்.

பவுலும் இதே ஒழுங்கைச் சொல்கிறார். எருசலேமில் வறுமைப்பட்ட விசுவாசிகளுக்காகக் கொரிந்து சபையார் பணம் சேர்க்க வேண்டும். வாரத்தின் முதல் நாளில் அவனவன் தன் வரவுக்குத் தக்கதை எடுத்து வைக்கட்டும், நான் வந்து நிற்கும்போது வசூல் நடக்க வேண்டாம் என்று எழுதுகிறார். அவர் பேச ஆரம்பித்தால் கல்லும் கரைந்திருக்கும். அந்தக் கரைச்சலில் வருகிற பணம் அவருக்கு வேண்டாம். இன்றைக்குக் கன்வென்ஷன் கூட்டங்களில் கீபோர்டு மெல்ல இழைய, கண்ணை மூடச் சொல்லி, உள்ளே கவர் கொடுத்தனுப்புகிறார்கள். பவுல் அந்த மேடையில் இருந்திருந்தால் கீபோர்டை நிறுத்தச் சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம்.

திருநெல்வேலிச் சபை வளர்ந்த விதத்திலும் இந்த ஒழுங்கு தெரிகிறது. ரேனியுஸ் ஐயர் 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்தார். எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றுதான் சொல்வது வழக்கம். கிறிஸ்தவர்களானதால் குடியிருந்த இடத்தில் இருக்க முடியாமல் துரத்தப்பட்டவர்களுக்கு நிலம் வாங்கிக் கொடுக்க 1830இல் தர்ம சங்கம் என்று ஒன்றை ஆரம்பித்தார். அப்படி எழுந்த ஊர்களில் காலையும் மாலையும் கோயில் மணி அடிக்கும், உபதேசியார் ஜெபம் நடத்துவார், ஜனங்கள் தரையில் உட்கார்ந்து கேட்பார்கள். பெரும்பாலும் பனையேறிகளும் கூலிக்காரர்களும். தினமும் ஜெபிக்க ஓர் இடம் கிடைத்ததே யாரோ கொடுத்ததால்தான் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு ஒருவர் சொல்லித் தர வேண்டியிருக்காது.

1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. இந்தியப் பணத்தில், இந்திய ஆட்களைக் கொண்டு, தெலுங்கு நாட்டுக்கு ஊழியரை அனுப்புவது நோக்கம். அதன் முதல் செயலாளர் வேதநாயகம் சாமுவேல் அசரியா, வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். 1912இல் தோர்ணக்கல் பேராயரானார்; இந்தியரில் முதல் ஆங்கிலிக்கன் பேராயர் அவர்தான். தோர்ணக்கல்லில் அவருடைய சபையார் பெரும்பாலும் அன்றாடங்காய்ச்சிகள். பாவம், இவர்களிடம் போய் என்ன கேட்பது என்று மற்றவர்கள் நினைத்த இடத்தில், ஏழையும் கொடுக்க வேண்டும் என்று அவர் விடாமல் போதித்தார். கிறிஸ்தவன் கொடுப்பதைப் பற்றித் தனி நூலே எழுதினார். ஏழையிடம் கேட்கக் கூடாது என்பது கேட்க இரக்கமாகத்தான் இருக்கிறது. அதற்குள் ஓர் அவமரியாதையும் இருக்கிறது: நீ வாங்குகிறவன், கொடுக்கிற இடத்தில் உனக்கு நாற்காலி இல்லை என்று சொல்லாமல் சொல்வது. ஒரு பிடி அரிசி அந்த நாற்காலியை எல்லாருக்கும் போட்டுவிடுகிறது.

இதே பழக்கத்தை மிசோரம் கிறிஸ்தவர்கள் 1910 முதல் கைக்கொள்கிறார்கள். அவர்கள் மொழியில் அதற்குப் புஹ்ஃபாய் தாம் என்று பெயர். சமைக்கும் ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பது. அதைச் சபைப் பெண்கள் வீடு வீடாகச் சேர்ப்பது. மலைமேல் இருந்த ஏழைச் சபை அது. இன்றைக்கு வெளி மாநிலங்களுக்கும் வெளிநாடுகளுக்கும் ஊழியரை அனுப்புகிற சபையாக நிற்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி மிசோரத்தில் நூற்றுக்கு 87 பேர் கிறிஸ்தவர்கள். பிடியரிசி நமக்கு மட்டும் சொந்தமும் இல்லை. காஞ்சி மடத்துப் பிடியரிசித் திட்டத்தைத் தமிழ்நாட்டில் பலர் அறிவார்கள். எங்கள் பக்கத்து வியாபாரிகளிடம் மூடைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைக்கிற வழக்கமும் பழையது. புழங்குகிற பொருளிலிருந்தே பொதுக்காரியத்துக்கு எடுப்பது இந்த மண்ணுக்குத் தெரிந்த முறை. அந்தப் பிடியோடு ஜெபத்தையும் சேர்த்து முடிந்தது எங்கள் பெண்கள் செய்த வேலை.

சேர்கிற அரிசிக்கு என்ன ஆகிறது என்று கேட்பவர்களுக்குச் சங்கத்து வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாதக் கடைசிச் சனிக்கிழமை கோயில் வராந்தாவில் பாயை விரித்துப் பைகளைக் கொட்டுவோம். பொன்னி, ரேஷன் புழுங்கல், பச்சரிசி, இட்லி அரிசி, யாரோ சர்க்கரைக்காக வாங்கிய சிவப்பரிசி எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். இதை அப்படியே உலையில் போட்டால் சோறாகாது. பச்சரிசி குழைந்து கூழாகிறபோது புழுங்கலுக்குள் இன்னும் விதை இருக்கும். ஆகவே கடைக்காரர் வாங்க மாட்டார், வாங்கினாலும் பாதி விலைதான். சுளகை வைத்துக்கொண்டு உட்கார்ந்து புடைப்போம், கல் பொறுக்குவோம், குறுணையைத் தனியாக எடுப்போம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஏலம். இட்லிக் கடை வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். அரைத்துவிட்டால் கலவையாவது ஒன்றாவது. குறுணை கோழிக்குப் போகும்.

ஒரு பிடி என்பது ஏறக்குறைய 50 கிராம். மாதத்துக்கு ஒரு வீட்டில் ஒன்றரைக் கிலோ தேறும். நூறு வீட்டுச் சபை என்றால் 150 கிலோ. கிலோ 30 ரூபாய்க்குப் போனாலும் 4,500 ரூபாய் ஆயிற்று. ஒரு பிள்ளையின் ஹாஸ்டல் பீஸ் கட்டலாம், ஒரு விதவைக்கு மருந்து வாங்கலாம், மிஷனெரி சங்கத்துக்கு ஒரு பங்கு அனுப்பலாம்.

பாயில் கொட்டிக் கிளறிய பிறகு எந்த மணி யார் வீட்டு மணி என்று யாராலும் பிரிக்க முடியாது. வலது கை செய்வது இடது கைக்குத் தெரிய வேண்டாம் என்ற போதனையை இவ்வளவு சுலபமாக நிறைவேற்றுகிற வேறு ஏற்பாடு எங்கள் கோயிலில் இல்லை. மின்விசிறியின் மூன்று இறக்கையிலும் உபயதாரர் பேர் எழுதியிருக்கிறது. சுவிட்சைப் போட்டுவிட்டால் வாசிக்க முடியாது என்பது ஓர் ஆறுதல்.

சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிற என் தம்பி மகள் போன கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு வந்தபோது கேட்டாள்: “அத்தை, தினமும் செஞ்சா அது வெறும் பழக்கமாப் போயிடாதா? மனசே இல்லாம ஒரு பிடி போடறதுல கடவுளுக்கு என்ன சந்தோஷம்?”

நியாயமான கேள்வி. ஏசாயா முதல் அதிகாரத்தில் கடவுளே கிட்டத்தட்ட இதைத்தான் கேட்கிறார்: உங்கள் பலிகளின் திரள் எனக்கு என்னத்துக்கு? ஆமோசில் பாட்டுச் சத்தமே வேண்டாம் என்கிறார். ஆனால் அவருடைய கோபம் எதன்மேல் என்று பார்க்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்கிறீர்கள் என்பதற்காக அவர் சலித்துக்கொள்ளவில்லை. பலி செலுத்துகிற கையில் இரத்தக் கறை இருக்கிறது, வாசலில் நிற்கிற திக்கற்ற பிள்ளைக்கும் விதவைக்கும் நியாயம் கிடைக்கவில்லை என்பதுதான் குற்றச்சாட்டு. அவர்களை விசாரியுங்கள் என்பதே ஏசாயா சொல்லும் பரிகாரம். செத்துப்போன ஆராதனைக்கு மருந்து இன்னும் உருக்கமான ஆராதனை என்று தீர்க்கதரிசிகள் யாரும் எழுதித் தரவில்லை. அடுத்தவன் பசியைப் பார் என்றுதான் எழுதித் தந்தார்கள்.

அவளுக்கு நான் எங்கள் பனையேறிகளைக் காட்டினேன். பதநீர் பருவத்தில் பாளையைத் தினமும் சீவ வேண்டும். மேலுக்கு முடியவில்லை, மனசு சரியில்லை என்று விட்டுவிட்டால் சீவின வாய் காய்ந்து அடைத்துக்கொள்ளும். பிறகு மரத்தில் பதநீர் இருந்தாலும் கலயத்துக்கு வராது. மரத்தில் ஏறுகிறவன் தினமும் ஆனந்தத்தோடு ஏறுவதில்லை. ஏறிச் சீவுகிறான், சுரப்பது மரத்தின் வேலை. மனசும் அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மனசு வந்த பிறகு கொடுக்கலாம் என்று காத்திருந்தவர்களுக்கு மனசு வந்து நான் பார்த்தது குறைவு. கை கொடுத்துக்கொண்டே இருந்த வீட்டில் மனசு பின்னாலேயே வந்து சேர்ந்திருக்கிறது.

பழக்கத்தின் அருமை மனசு இல்லாத நாளில்தான் தெரியும். என் கணவரை அடக்கம் பண்ணின பிறகு கொஞ்ச காலம் எனக்கு ஜெபம் வரவில்லை. கோபம் என்றும் சொல்ல முடியாது. வாயைத் திறந்தால் ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். அடுத்த தெரு மயினி வந்து அடுப்பைப் பற்றவைத்தாள். எங்கள் மூடையில் அளந்தாள். அளந்ததிலிருந்து ஒரு பிடி எங்கள் கைப்பிடிப் பானையில் போட்டாள். என்னிடம் கேட்கவில்லை. அவள் சொன்ன பெயர்களில் என் பெயரும் இருந்தது காதில் விழுந்தது. நான் ஜெபிக்க முடியாத நாளில் என் வீட்டு ஜெபம் நிற்கவில்லை. உணர்ச்சியை மட்டும் நம்பி நடக்கிற பக்தியில் இதற்கு வழி கிடையாது. உணர்ச்சியை அடுத்தவர் நமக்காகப் பட முடியாது. ஒரு பிடி அரிசியை அடுத்தவர் நமக்காக எடுத்துப் போடலாம்.

பழக்கம் கெட்டுப்போவதும் உண்டு, அதை மறைப்பானேன். சுளகில் புடைக்கும்போதே தெரிந்துவிடும். வண்டு விழுந்ததும் கைப்பிடிப் பானைக்குத் தள்ளிவிட்ட அரிசி வரும். வீட்டில் பொன்னிச் சோறு, கர்த்தருக்கு ரேஷன் அரிசி என்று பங்கிட்ட வீடுகளும் உண்டு. ரேஷன் அரிசியே உண்கிறவர்கள் அதைப் போடுவதில் குறை ஒன்றும் இல்லை. உண்பது ஒன்று, போடுவது ஒன்று என்பதுதான் குறை. மல்கியா காலத்தில் குருட்டு ஆட்டையும் நொண்டி ஆட்டையும் பலிபீடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். உங்கள் அதிபதிக்கு இதைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பாருங்களேன், வாங்கிக்கொள்வானா என்று கர்த்தர் கேட்டார். பழக்கத்தில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க எனக்குத் தெரிந்த சோதனை இதுதான்: நான் உண்பதிலிருந்து எடுக்கிறேனா, எனக்கு ஆகாததிலிருந்து எடுக்கிறேனா.

இன்னொரு பேச்சு இப்போது பலமாகக் கேட்கிறது. “சபைக்குக் கொடுத்து என்ன, தேர்தலுக்கும் கேஸுக்கும்தான் போகுது.” இதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் கஞ்சர்கள் அல்லர். மனம் வெந்து சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்போஸ்தலர் காலத்திலேயே விதவைகளுக்கு நடந்த அன்றாடப் பந்தியில் பாரபட்சம் என்று முறுமுறுப்பு எழுந்தது. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அவர்கள் முறுமுறுத்தவர்களை அதட்டவில்லை, பந்தியையும் நிறுத்தவில்லை. நற்சாட்சி பெற்ற ஏழு பேரை நியமித்து விசாரிப்பை ஒப்படைத்தார்கள். கணக்குக் கேட்பதும் ஆராதனையின் பகுதி என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். எங்கள் சங்கத்தில் ஏலத் தொகையை அன்றைக்கே கரும்பலகையில் எழுதிவிடுவோம். மேலே போகிற பணத்தில் உங்களுக்கு நம்பிக்கையில்லை என்றால் கேளுங்கள், எழுதிக் கேளுங்கள். அதுவரைக்கும் உங்கள் பிடி அரிசி பக்கத்துத் தெருக் கிழவியின் உலைக்குப் போகட்டும். கமிட்டியின்மேல் உள்ள கோபத்துக்குக் கிழவி பட்டினி கிடக்க வேண்டுமா?

கொடுத்தால் நூறு மடங்கு திரும்ப வரும், விதை போடுங்கள் என்று டிவியில் பேசுகிறவர்களைப் பற்றி நீளமாகச் சொல்ல விருப்பமில்லை. கைப்பிடி அரிசியில் எனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் சொல்லலாம். கடவுளோடு பேரம் பேச அது போதாது. 50 கிராம் அரிசியைப் போட்டுவிட்டு மகனுக்கு அமெரிக்க விசா கேட்க யாருக்கும் கூச்சமாக இருக்கும். பெருமையடிக்கவும் முடியாது. ஒன்றுமே கொடுக்காதவன் என்ற பேரும் வராது. அந்தச் சிறுமையே அதற்குக் காவல்.

பெண்கள் இதைப் பிடித்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சம்பளமும் மரமும் நிலமும் ஆம்பிளைகள் கையில் இருந்தன. காணிக்கைப் பையில் போடுகிற காசைக்கூடக் கணவனிடம் வாங்கித்தான் போட வேண்டும். அடுப்பங்கரையில் அளக்கிற அரிசி மட்டும் அவள் அதிகாரத்தில் இருந்தது. யாரையும் கேட்காமல் அவள் தன் ஆண்டவருக்குக் கொடுக்க முடிந்த ஒரே பொருள் அது. கோயிலில் அவளைப் பேச விடவில்லை, கமிட்டியில் சேர்க்கவில்லை. அவள் கைப்பிடியில் ஊழியக்காரர் சாப்பிட்டார். எங்கள் பாட்டிகளைப் பற்றிச் சபை வரலாற்றில் எழுத யாரும் முனைந்தால் இந்தப் பானையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

என் தம்பி மகளுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. அவள் சம்பாதிக்கிறாள், அவள் பணம் அவள் கையில். ஆனால் அவள் இருக்கிற பிளாட்டில் மூன்று பெண்களும் சமைப்பதே இல்லை. காலையும் ராத்திரியும் போனில் ஆர்டர். மாதம் முதல் தேதி தசமபாகம் தானாகவே அக்கவுண்டிலிருந்து சபைக்குப் போய்விடுகிறது. “இதுக்கு மேல என்ன அத்தை?” என்றாள்.

அது நல்ல ஏற்பாடு, நிறுத்தாதே என்றேன். ஆனால் அந்தக் காணிக்கை போகிற நேரத்தில் நீ தூங்கிக்கொண்டிருக்கிறாய். கை அறியாமல் போகிற காணிக்கைக்குப் பக்கத்தில், கை அறிந்து போடுகிற சின்னது ஒன்றும் வேண்டும். எழுந்ததும் போனை எடுக்குமுன் மேஜைமேல் ஒரு டப்பா. இன்றைக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு செலவழிப்பாயோ அதில் ஒரு பிடி, பத்து ரூபாயோ இருபது ரூபாயோ, கையால் எடுத்துப் போடு. போடும்போது ஒருவர் பேரைச் சொல்லி ஜெபி. உன் பேரையும் உன் புரமோஷனையும் விட்டுவிட்டு வேறு யாராவது. உன் பிளாட்டைக் கூட்டுகிற அம்மா, செக்யூரிட்டிக்காரர், ஆபீஸில் உன்னைக் கண்டால் பிடிக்காத அந்த மேனேஜர். மாதக் கடைசியில் டப்பாவைத் திறக்கிறபோது யாருக்கு என்பதற்கு அந்தப் பேர்களிலேயே பதில் இருக்கும். தினமும் பேர் சொல்லி ஜெபித்த ஆளின் பிள்ளைக்குப் பள்ளிக்கூட பீஸ் பாக்கி என்று தெரிந்த பிறகு, டப்பாப் பணத்தை எங்கே அனுப்பலாம் என்று நீ யோசித்துக்கொண்டிருக்க மாட்டாய்.

அவள் கணக்குத் தெரிந்த பிள்ளை. “ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா மறுநாள் ரெண்டு பங்கு போடணுமா?” என்று கேட்டாள்.

வேண்டாம். இது சீட்டுப் பணம் இல்லை, நிலுவை ஏறாது. நேற்றைய மன்னாவை இன்றைக்குப் பொறுக்க முடியாது. நேற்றைய பிடியையும் இன்றைக்குப் போட முடியாது. விட்டுப்போன நாளுக்கு வட்டி கேட்கிற கடவுளை நாம் ஆராதிக்கவில்லை. இன்றைக்கு உரியதை இன்றைக்குப் போடு, ஒருவர் பேரைச் சொல்லு, அப்புறம் சாப்பிடு.